திறவுகோல் மாறின் மடல் வருக

இராயபுரத்தினின்று எண்ணூர் நோக்கிச் செல்லும் சாலையிற் கண்டெயினர் லாரிகள் அணிவகுத்து நிற்றலை நாம் அறிவோம். எப்பெட்டி எவ்விடத்துளது, அதனை எடுத்தேகத் தக்கார் யாவர் என்பவற்றை இக்காலத்து உரைப்பன சர்வர்களே. ஆதலின், அவற்றிலுள்ள கோப்புகளைத் திறக்கவும் திருத்தவும் தரப்படும் அனுமதியே இன்று பண்டசாலையின் திறவுகோல்.

அது பிறர் கைப்படின் விளைவது யாது? பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் துறைமுகத்திற் போதைப்பொருள் கடத்துவோர் 2011-இல் கணிப்பொறிகளுட் புகுந்து, தம் சரக்கு ஒளிந்திருந்த பெட்டிகளை உரியவர் வருமுன்னே கொண்டேகினர். அச்சூழ்ச்சி 2013-இலேயே உலகறிய வெளிப்பட்டது.

நம் நாட்டிற் செர்ட்-இன் நிறுவனம் 2022 ஏப்ரல் 28-இல் விடுத்த ஆணை, பதிவேடுகளை 180 நாள் காக்கவும், இடரை அறிந்த 6 மணி நேரத்துள் அறிவிக்கவும் விதித்தது. நன்று, ஆயினும், அறிந்தாலன்றோ அறிவிப்பது? படிப்பாரற்ற பதிவேடு உறங்கும் காவலனை ஒக்கும்.

விண்டோஸ் சர்வரிற் கோப்புக்குரிய தணிக்கையை முன்னரே அமைத்துவைப்பின், அதன் அனுமதி மாறியவுடன் 4670 என்னும் எண்ணோடு குறிப்பொன்று பதியும். அக்குறிப்பைக் கண்டவுடன் மின்னஞ்சல் விடுக்கும் சிறு நிரலை இணைத்தல் அரிதன்று.

அம்மடல் எவர்க்குச் செல்லுதல் வேண்டும்? அனுமதியை மாற்றும் அதிகாரமுடையார்க்கு மட்டுமெனின், அவர் கடவுச்சொல் களவுபோனவிடத்துக் கள்வனுக்கே களவை உணர்த்தியதாகும். ஆதலின், அவ்வதிகாரமில்லாத வேறொருவர்க்கும் செல்க. மடல் மிகின் ஒருவரும் படியார். இன்றியமையாக் கோப்புகளுக்கு மட்டும் அமைத்தல் சாலும்.

ஊழியரை ஐயுறுவதோ என்பார் உளர். களவு நேரின் முதற்கண் ஐயுறப்படுவோர் இரவுப்பணிக் குமாஸ்தாக்களல்லரோ? மாற்றியவர் பெயரும் நேரமும் தாங்கிவரும் மடல் அவர்தம் மாசின்மைக்கும் சான்றாதல் கூடும். இதுவே எம் துணிபு.