புயல் விட்டு வச்சதை ரம்பம் விடமாட்டேங்குது

புயல் ஓய்ஞ்ச மறுநாள் எங்க பக்கத்து ஊர்களுக்கு நிவாரணம் வர்றதுக்கு முன்னாடி மெஷின் ரம்பம் வந்துரும். வாசல்ல நிக்கிற வேம்பை ஒரு சுத்து சுத்தி அண்ணாந்து பார்த்துட்டு, "அண்ணே, அடுத்த காத்துக்கு இது நிக்காது. வீட்டு மேல விழுந்தா யாரு பொறுப்பு? மொத்தமா எடுத்துருவோம், இல்லேன்னா மொட்டையாவது அடிச்சுருவோம்" என்பார் மரம் வெட்ட வந்தவர். ராத்திரி பூரா தூங்காம பயந்து கிடந்த மனுஷன் தலையாட்டிருவார். முப்பது நாப்பது வருஷ மரத்தோட கதை அரை நாள்ல முடிஞ்சுரும்.

நான் கேக்குறது ஒன்னுதாங்க. மரத்துக்கு வைத்தியம் சொல்றவரே விறகையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறார்னா, அந்த வைத்தியத்தை எப்படி நம்புறது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னை ஒரே ராத்திரியில் சாய்ஞ்சது. அதைப் பார்த்தவங்களுக்கு மரத்தைக் கண்டா பயம் வர்றது நியாயம்தான். அந்தப் பயத்தை நான் கேலி பண்ணல. ஆனா அத்தனை காத்துலயும் சாயாம நின்ன மரங்களை, ரெண்டு கொப்பு முறிஞ்சதுக்காக அடுத்த மாசமே ஊர் ஊரா வெட்டித் தள்ளுனாங்களே, அதுக்கு எந்தப் புயலைக் குத்தம் சொல்றது?

மொட்டை அடிச்சா பத்திரம்னு நினைக்கிறோம். உண்மையில ஆபத்தை அஞ்சு வருஷம் தள்ளிப் போடுறோம், அவ்வளவுதான். மரத்துக்கு இலைதான் அடுப்படி. அத்தனை இலையையும் ஒரே நாள்ல எடுத்துட்டா, மரம் பட்டினி தாங்காம, சேத்து வச்ச சத்தைச் செலவழிச்சு வெட்டுவாயைச் சுத்திக் கொத்துக் கொத்தாத் துளிர் விடும். "பாத்தீங்களா, எப்படித் தழைச்சிருக்கு"ன்னு சந்தோஷப்படுவோம். ஆனா அந்தத் துளிர் பட்டைக்கு அடியில இருந்து வர்றது. பழைய கொப்பு மாதிரி அடிமரத்தோட வைரத்துக்குள்ள வேர் பாய்ச்சின மாதிரிப் பிடிப்பு அதுக்குக் கிடையாது. அது கை பருமன், தொடை பருமன்னு பெருக்குறதுக்குள்ள வெட்டுவாயில தண்ணி இறங்கி உள்ள அழுக ஆரம்பிச்சிருக்கும். அழுகின கட்டை மேல கனமான தலை. அடுத்த புயல்ல ஓட்டு மேல விழப்போறது அதுதான்.

அப்ப முறிஞ்ச மரத்தை என்னதான் செய்யுறது? முறிஞ்சதை மட்டும் எடுக்கணும். முதல்ல, ஒடிஞ்சு தொங்கிக்கிட்டு இருக்கிற கொப்பு. அதுதான் ஆளைக் கொல்லும். மின்கம்பி பக்கத்துல இருந்தா, மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தாம ஒரு ஆளையும் மரத்துல ஏத்தக்கூடாது.

கனமான கொப்பை ஒரே வெட்டுல மேல இருந்து அறுத்தா, பாதி அறுக்கும்போதே கனம் தாங்காம முறிஞ்சு, அடிமரத்துப் பட்டையையும் வார் வாரா உரிச்சுக்கிட்டு விழும். அதனால மூணு வெட்டா அறுக்கணும். அடிமரத்துல இருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கமா இருந்து கால்வாசி ஆழம் முதல் வெட்டு. அதுக்கும் கொஞ்சம் தள்ளி மேல இருந்து ரெண்டாவது வெட்டு. கொப்பு சுத்தமா விழுந்துரும், கூரைப் பக்கம்னா வடக்கயிறு கட்டி இறக்கிக்கலாம். மிச்சம் இருக்கிற கட்டையை மூணாவதா எடுக்கணும். கொப்பு அடிமரத்தோட சேர்ற இடத்துல கழுத்து மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அந்த வீக்கத்தை ஒட்டி, அதைத் தொடாம அறுக்கணும். முளைக்குச்சி மாதிரி நீட்டியும் விடக்கூடாது, அடிமரத்தோட மட்டமா வழிச்சும் எடுக்கக்கூடாது.

அந்தக் கழுத்து ஏன் முக்கியம்? அமெரிக்க வனத்துறையில வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்கிற விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கா அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. மரத்துக்கு நம்மள மாதிரிப் புண் ஆறாது. கெட்டுப்போன இடத்தைச் சுத்திச் சுவர் எழுப்பி அடைச்சுட்டு, அதுக்கு வெளிய புதுசா வளரும். அந்தச் சுவரை எழுப்புற இடம் கழுத்துதான். அதையும் சேத்து அறுத்துட்டு மேல தாரைப் பூசினா உள்ள போற அழுகல் நிக்காது.

பச்சைக் கொப்புல கை வைக்கிறதுன்னா ஒரு வருஷத்துல கால்வாசிக்கு மேல போகக்கூடாது. புயல் ஏற்கெனவே நிறைய எடுத்திருந்தா, முறிஞ்சதோட நிறுத்திட்டு மிச்சத்தை அடுத்த வருஷம் பாக்கலாம்.

எல்லா மரத்தையும் காப்பாத்தியே ஆகணும்னு நான் சொல்லல. ஒரு பக்கம் மண்ணு தூக்கி வேரோட சாய்ஞ்சு நிக்குதா, அடிமரம் நெடுக்க வெடிச்சிருக்கா, தூருல காளான் பூத்து உள்ள கூடா இருக்கா, அது வீட்டுப் பக்கம் நிக்கக்கூடாது. எடுத்துருங்க. ஆனா அப்படி ஒரு மரம் ஏன் சாய்ஞ்சதுன்னும் பாருங்க. காம்பவுண்டுச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டியிருப்போம். கக்கூஸ் தொட்டிக்கு இன்னொரு பக்கம். வாசல் பூரா தூர் வரைக்கும் சிமெண்டு. காலை வெட்டிட்டு "நிக்கமாட்டேங்குது"ன்னு மரத்து மேல பழி போடுறது என்ன நியாயம்?

மரக்கன்று நடுற விழாவுக்குப் பந்தல் போடுறோம், போட்டோ எடுக்குறோம். நிக்கிற மரத்தை ஒழுங்கா கவாத்து பண்ணத் தெரிஞ்ச ஆள் ஊருக்கு ஒருத்தர் கிடையாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்குச் சரியா முன்னாடி, அக்டோபர் 2 அன்னைக்குக் கிராம சபை கூடுது. ஊர்ல ரெண்டு இளந்தாரிப் பசங்களுக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்து, கயிறும் கைரம்பமும் தலைக்கவசமும் பஞ்சாயத்து செலவுல வாங்கி வைங்கன்னு அங்க எழுந்து கேளுங்க. காய்ஞ்ச கொப்பையும் ஒன்னோட ஒன்னு உரசுற கொப்பையும் ஆவணி, புரட்டாசியிலேயே எடுத்துட்டா, புயலுக்கு மறுநாள் வந்து நிக்கிற ரம்பத்துக்கு நம்ம ஊர்ல வேலை இருக்காது.