நகரின் வரைபடத்தில் தோட்டத்துக்கு இடமுண்டா?

பட்டணம் வளர்வதை எதிர்ப்பது எமது நோக்கமன்று. ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை, 1924ஆம் ஆண்டு புகையிரதப் பாதை வந்து முடிவுற்ற காலந்தொட்டு, மலைச்சாரலின் தேயிலைக்கும் மரக்கறிக்கும் வாசலாக விளங்குவது. பேரங்காடிகளும், கீழே கடைகளும் மேலே குடியிருப்புக்களும் கொண்ட மாடிக் கட்டடங்களும் இங்கே எழவேண்டுமென வணிகர் விரும்புவது இயல்பே. ஆனால், குடியிருப்பு நிலத்தையும் விளைநிலத்தையும் வணிக வலயமாகவோ கலப்புப் பயன்பாட்டு வலயமாகவோ மாற்றும் யோசனை பதுளையிலோ பண்டாரவளையிலோ சபையின் மேசைக்கு வரும்போது, நாம் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. யாரைக் கேட்டு மாற்றுகின்றீர்கள்?

வலய மாற்றம் என்பது வரைபடத்தில் நிறம் மாற்றும் காரியமன்று. பணம் கைமாறும் காரியம். நேற்று வீடு கட்டமட்டும் உரிமையிருந்த காணியில் இன்று ஐந்து மாடிக் கடைத்தொகுதி எழலாம் என்று அனுமதித்தால், உரிமையாளர் ஒரு கல்லும் நாட்டாமலே காணியின் விலை ஏறிவிடுகின்றது. அந்த இலாபம் அவருடையது. ஆனால் கூடுதலாக வேண்டப்படும் குடிநீரும், கழிவுநீர் வடிகாலும், நெரிசல் மிகுந்த தெருவும் பொதுமக்களின் சுமை. நகரத்தைச் சூழ்ந்தோடும் பதுளு ஓயாவில் கழிவு கலந்தால், அதன் கேட்டை அனுபவிப்பவன் ஆற்றின் கீழ்ப்புறத்திலே பயிர் செய்பவன். இலாபம் ஒருவர்க்கும் சுமை பலர்க்கும் ஆகுமிடத்தில் நிபந்தனை விதிப்பது சபையின் கடமை; சலுகையன்று.

அந்தப் பலர் யார்? பசறையிலும் ஹாலிஎலையிலும் நமுனுகுலையிலும் வாழும் தோட்டத் தொழிலாளி சம்பள நாளில் சாமான் வாங்குவது பட்டணத்திலே. அவன் பிள்ளை படிப்பதும், நோயுற்ற மனைவி சேர்க்கப்படுவதும் அங்கேயே. வெலிமடைக் கமக்காரனின் மரக்கறியும் பட்டணத்துச் சந்தையை நம்பியது. இவர்களால் நகரம் வாழ்கின்றது. ஆயினும் இவர்களின் வாக்கு பிரதேச சபைக்கே உரியது. மாநகர சபையின் வரைபடத்தில் இவர்களுக்குக் குரலில்லை.

பிரதேச சபையிலாவது குரல் இருந்ததா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காரணங்காட்டி, தோட்டப் பாதைக்கும் தோட்டக் கிணற்றுக்கும் சபைப் பணத்தைச் செலவிட முடியாதென்று கைவிரித்தார்கள். தொழிலாளியின் வாக்கு வேண்டும். அவன் லயத்துக்கு ஒரு விளக்கு வேண்டாம்! 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, 31 ஆண்டுகள் நின்ற அநீதி இது. அந்த வடு ஆறுமுன்னே, நகரத் திட்டமும் எம்மைக் கேளாமல் எழுதப்படுமாயின் நாம் வாளாவிருத்தல் தகுமா?

மலைநாட்டில் நிலத்தைத் தவறாக எடைபோட்டதன் விலையை நாம் உயிராலே கொடுத்திருக்கின்றோம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு மாற்றுக் காணியில்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கவேண்டியதாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளை மீண்டுமொருமுறை சரித்துக் காட்டியது. இத்தனைக்கும் பின்னர், சரிவை வெட்டிக் கடைத்தொகுதி கட்டுவதற்கு நிபுணர் அறிக்கையின்றி எவரேனும் கை உயர்த்துவாராயின், அவர் எதையும் கற்றுக்கொள்ளாதவரே.

சட்டம் எமக்குத் துணையாக இருக்கின்றது. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1982ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். அதன்மீது ஆட்சேபம் தெரிவிக்க எவர்க்கும் உரிமையுண்டு. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென மக்களிடமிருந்து எடுத்த காணி, தனியார் கம்பனியின் கோல்ப் மைதானமாக மாறியபோது, உயர் நீதிமன்றம் 2008இல் அச்செயலைக் கண்டித்துக் காணியை மீட்டது; நாட்டின் முன்னாள் ஜனாதிபதியே 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டியதாயிற்று. பொதுக் காணியும் பொது அதிகாரமும் ஆள்வோரிடம் நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டவை என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஜனாதிபதிக்குப் பொருந்தும் நீதி நகர சபை உறுப்பினருக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் நான்கு காரியங்களை வற்புறுத்துகின்றோம். முதலாவது, வலய வரைபடமும் விளக்கமும் தமிழிலும் வெளிவரவேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கென 1999இல் பிரகடனப்படுத்தப்பட்டவை. வாசிக்க முடியாத அறிவித்தல் அறிவித்தல் ஆகாது. இரண்டாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை பகிரங்கமாக்கப்படும்வரை சரிவுநிலம் எதனையும் வணிக வலயமாக்கலாகாது. மூன்றாவது, புதிய கடைத்தொகுதி ஒவ்வொன்றிலும் கமக்காரனும் சிறு வியாபாரியும் தாங்கக்கூடிய வாடகையில் இடம் ஒதுக்கப்படவேண்டும். நான்காவது, அயற் பிரதேச சபைகளையும் தோட்டத்து மக்களையும் கேட்ட பின்னரே வாக்கெடுப்பு நடைபெறவேண்டும்.

2023 மார்ச் முதல் 2025 மேத் தேர்தல் வரை சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். இன்று உறுப்பினர்கள் இருக்கின்றார்கள். சாட்டுச் சொல்ல இடமில்லை.

சபையை மட்டும் நோவதில் பயனில்லை. எம்மிடையே சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள் எத்தனை பேர்! லயத்திலே பிறந்து படிப்பால் உயர்ந்தவர் பலர். அவர்கள் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தைக் கேட்டுப் பெறட்டும். தோட்டத்துக்குச் சென்று அதை விரித்து விளக்கட்டும். கமக்காரனின் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து, தவணைக்குள் பதிவு செய்விக்கட்டும். கட்டடம் எழுந்தபின் கண்டனக் கூட்டம் போடுவது, வெள்ளம் போனபின் அணை கட்டுவதை ஒக்கும்.

பதுளை வளரட்டும். தன்னை வளர்த்த மக்களைத் தள்ளிவிட்டு வளர நாம் இடங்கொடோம்.