டோரேமானின் தமிழ்க் குரல்

நீலகிரியின் அருவங்காட்டில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு டிவிதான் கதி. இங்குள்ள கார்டைட் ஃபேக்டரி மத்திய அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலை. அதனால் இந்த ஊரில் தமிழ், படுகு, மலையாளம், இந்தி என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். டிவியில் மட்டும் எங்கும் அதே நீலநிறப் பூனை ரோபோ டோரேமான். ஒரு வீட்டில் அது இந்தி பேசும், பக்கத்து வீட்டில் தமிழ் பேசும். மறுநாள் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கதையை அளந்துகொண்டு பள்ளிக்கூடம் போவார்கள்.

டோரேமான், ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ வரைந்த சித்திரக்கதையாக 1969 டிசம்பரில் ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் தொடங்கியது. 2008-ல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் டோரேமானைத் தன் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தூதராகவே அறிவித்தது. இந்தியத் தொலைக்காட்சிக்கு அது வந்தது 2005-ல். பரீட்சையில் பூஜ்யம் வாங்கும் நோபிதா, விடைத்தாளைப் பார்த்ததும் பிடிபிடியென்று பிடிக்கும் அம்மா, மிரட்டிப் பொம்மையைப் பிடுங்கும் ஜியான் எல்லாரும் நம் தெருவிலும் உண்டு. அவர்கள் தமிழிலேயே பேசவும், டோக்கியோ நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது.

இப்படித் தமிழில் கிடைப்பது சாதாரணக் காரியமல்ல. 2013-ல் வங்கதேச அரசு இந்தி டோரேமான் ஒளிபரப்பை நிறுத்தியது. பிள்ளைகள் வங்காளத்தை விட்டு இந்தி பேசப் பழகுகிறார்கள் என்பதே அங்கே எழுந்த கவலை. தமிழ்ப் பிள்ளைகளுக்கோ அதே கதை தாய்மொழியில் கிடைத்தது. கிடைக்கச் செய்தவர்கள் வசனம் எழுதியவர்களும் டப்பிங் கலைஞர்களும்தான். ஜப்பானிய வாயசைவுக்குள் தமிழ் வாக்கியம் அடங்க வேண்டும்; நோபிதாவின் அழுகையும் கெஞ்சலும் பத்து வயதுப் பையனுடையதாகவே கேட்க வேண்டும். ஒலிப்பதிவு அறையில் நின்று அதைச் செய்தவர்கள் நடிகர்கள்.

ஜப்பான் தன் குரல் கலைஞர்களைக் கொண்டாடுகிறது. 1979 முதல் 2005 வரை டோரேமானுக்குக் குரல் தந்த நொபுயோ ஓயாமா 2024-ல் மறைந்தபோது அந்நாடே துக்கம் அனுசரித்தது. நம் வீட்டு டோரேமானுக்குக் குரல் தந்தவர் யார்? அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்; அந்தப் பெயரைச் சொல்லத் தெரியாது.

அந்தத் தலைமுறை இன்று டிக்கெட் எடுத்து அனிமே பார்க்கிறது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ படம் தமிழ் பேசியும் திரையரங்குக்கு வந்தது. தமிழ் டப்பிங்குக்குச் சந்தை வளர்ந்திருக்கிறது. மரியாதையும் வளர வேண்டும்.

சேனல்களுக்கும் ஓடிடி நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தமிழ் வசனம் எழுதியவர், குரல் தந்தவர் பெயர்களைத் தமிழில், நின்று படிக்கும்படி போடுங்கள். பெற்றோரே, நீங்களும் இதைக் கேளுங்கள். நம் பிள்ளைகளோடு தினமும் தமிழ் பேசியவர்களுக்கு அந்த ஒரு வரியாவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.