புயலுக்கு முன்பே கணக்குப் போடுங்கள்!

2018 நவம்பர் 16 அன்று, பொழுது புலருமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னைகள் சாய்ந்தன; கூரைகள் பறந்தன; ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. நகரங்களிலே விளக்கு எரியத் தொடங்கிய பின்னும் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளிலே கிடந்தன. இவ்வளவும் பட்ட பிறகு நம் வீடுகளில் இருக்கும் ஏற்பாடு என்ன? கடைக்காரர் சொன்ன இன்வெர்ட்டர், அவரே தேர்ந்து கொடுத்த பாட்டரி, அதன்மேல் பூவேலை செய்த ஒரு துணி விரிப்பு!

கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி உண்டு. ஈயப் பாட்டரியை அடிவரை வடிக்கலாகாது. பாதியோடு நிறுத்தினால்தான் அதற்கு ஆயுள். இன்வெர்ட்டர் விழுங்குவதையும் கழித்தால் கைக்குக் கிட்டுவது ஏறத்தாழ 750. ஒன்பது வாட் விளக்கு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிய 90; கைப்பேசி இரண்டுக்கு 30. ஆக 120தான். ஆறு நாள் தாங்கும்! ஆனால் 75 வாட் மின்விசிறி ஒன்றை எட்டு மணி நேரம் சுழலவிட்டால் அது மட்டுமே 600 கேட்கிறது. ஆறு நாள் ஒரே நாளாகிவிடுகிறது. 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறி என்றால் இரண்டு நாள். எதை விடுவது, எதைக் காப்பது என்பதைப் புயல் வரும் முன்பே வீட்டார் கூடிப் பேசிவிடவேண்டும்.

மூச்சுத் திணறும் முதியவருக்கு ஆக்சிஜன் கருவி ஓடும் வீடுகள் உண்டு. அக்கருவி 300 வாட் வாங்குமானால் இதே பாட்டரி இரண்டரை மணி நேரத்தில் ஓய்ந்துபோகும். அந்த வீட்டார் இன்வெர்ட்டரை நம்பி இருக்கவே கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் கைவசம் வேண்டும். இல்லையேல் புயல் எச்சரிக்கை வந்தவுடனே நோயாளியை மருத்துவமனை சேர்க்கவேண்டும்.

வசதியுள்ளோர் ஜெனரேட்டர் வாங்குகிறார்கள். வாங்கட்டும்! ஆனால் அதை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டலாகாது. அதன் புகையில் மணமற்ற நஞ்சு இருக்கிறது, உறங்குவோர் எழமாட்டார். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டுக் கம்பியில் அதை இணைப்பவர் செய்வதோ பெருங்கொடுமை. மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து தெருக்கம்பிக்கு ஏறுகிறது. இணைப்பு அற்றிருப்பதாக நம்பி, மழையிலே கம்பத்தின்மேல் நிற்கும் மின் ஊழியரின் உயிரை அது பறித்துவிடும். நமக்கு விளக்கேற்ற வந்தவரை நம் வீட்டு விளக்கே கொல்வதா?

பாட்டரி வாங்க வழியற்ற குடிசைக்கு நாம் என்ன சொல்வது? தண்ணீருக்கு என்ன சொல்வது? ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் எந்த வீட்டு இன்வெர்ட்டருக்கும் அடங்காது. கஜாவுக்குப் பின் ஊர்தோறும் வாடகை ஜெனரேட்டர் தேடி மக்கள் அலைந்தது மறக்கக்கூடியதா? கடலோர ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் தொட்டி நிரப்ப ஒரு ஜெனரேட்டர், அதற்கு ஒரு வாரத்து டீசல், அதை இயக்கத் தெரிந்த ஒருவர், பள்ளிக்கூடத்திலோ புயல் காப்பகத்திலோ கைப்பேசிக்கு மின்னேற்றும் இடம்: இவை ஐப்பசி பிறக்குமுன் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் நம் தோழர்கள் எழுந்து இதைக் கேட்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காரவேண்டாம்.