ஆளுக்குப் பத்து லிட்டர்

வீடு என்றால் என்ன? கவிஞர்களைக் கேட்டால் தாய்மடி, நிலா முற்றம் என்று ஏதாவது சொல்லி வைப்பார்கள். சர்க்காரைக் கேளுங்கள், கறாராகப் பதில் வரும். 'மோட்டார் கேரவன்' என்ற வண்டிக்கு மத்திய அரசின் வாகனத் தர விதிகளில் ஓர் இலக்கணம் இருக்கிறது. உட்கார இருக்கையும் மேஜையும், படுக்க இடம் (இருக்கையையே மடக்கிப் படுக்கை ஆக்கினாலும் சரி), சமைக்க வசதி, சாமான் வைக்க இடம். எல்லாம் வண்டியோடு அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். மேஜையை மட்டும் கழற்றிக் கொள்ளலாம். அவ்வளவுதான் வீடு!

இதைச் சத்தமாகப் படித்தபோது என் மனைவி கேட்டாள்: "பாத்ரூம் எங்கேங்க?"

இலக்கணத்தில் அது கட்டாயமில்லை. எழுதினவர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் காரணம் என் மச்சினன். ஒரு டெம்போ டிராவலரை பாடி பில்டரிடம் கொடுத்து, ஒரு வருஷம் நடையாய் நடந்து வீடாக மாற்றி, பங்குனி மாசம் எங்கள் நாவலூர் அபார்ட்மெண்ட் வாசலில் கொண்டு வந்து நிறுத்தினான். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஷூட்டிங் இடைவேளையில் நட்சத்திரங்கள் ஏ.சி.யில் உட்காரும் வண்டி என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். வாட்ச்மேன் ஓடி வந்து, "உள்ள யாரு சார், ஹீரோயினா?" என்று எட்டிப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு முழங்காலைப் பிடித்தபடி என் மாமியார் இறங்கினார். வாட்ச்மேன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வண்டியில் நாலு பேர் ஏழு நாள் குடித்தனம் செய்துவிட்டு வந்திருக்கிறோம். கீழ்வீட்டுக்காரரில் ஆரம்பித்து இஸ்திரிக்காரர் வரை எல்லோரும் விசாரிப்பதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. 'பழைய வேனை வாங்கி நாமே கட்டில் போட்டுக்கலாமே' என்று கிளம்பாதீர்கள். கம்பெனி தயாரித்துக் கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, ஆர்.சி.யில் கேரவன் என்று ஏற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் உங்கள் கட்டிலை அளந்து பார்த்துவிட்டுக் கையை விரிப்பார். சந்தேகம் இருந்தால் நாலு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆசை தீர்ந்தாலும் தீர்ந்துவிடும்.

இந்தப் பிழைப்புக்கு நாவலூர்வாசிகளைப் போல் பயிற்சி பெற்றவர்கள் உலகத்தில் இருக்க மாட்டார்கள். மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு நின்றுவிடுகிறது. எங்கள் அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் லாரியில் வரும், கழிவு லாரியில் போகும், கரண்ட் போனால் ஜெனரேட்டர். யோசித்துப் பாருங்கள், சக்கரம் இல்லாத கேரவன்தானே இது! பல வருஷம் டோல்கேட்டில் காசு கூடக் கட்டினோம். நல்லவேளை, 2023 அக்டோபரில் நாவலூர் சுங்கச்சாவடி வசூலை நிறுத்திவிட்டார்கள்.

வண்டியில் தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர். 'நூறா, பேஷ்' என்று தோன்றும். நம் வீட்டுப் பக்கெட் 18 லிட்டர் பிடிக்கும். நாலு பேர் ஆளுக்கொரு பக்கெட் குளித்தால் 72 போச்சு. அப்புறம் பல் தேய்க்க மினரல் வாட்டர்தான். ஆகவே மச்சினன் முதல் நாளே ஒரு சட்டம் போட்டான்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர். குளியல் அதில் சேராது. குளிக்க பம்ப்செட் இருக்கிறது, ஆறு இருக்கிறது. 1982-ல் என்.டி. ராமராவ் ஒரு செவர்லே வேனை மாற்றி 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து ஆந்திரா முழுக்கச் சுற்றியபோது ரோட்டோரத்தில்தான் குளித்தார். 1983 ஜனவரியில் முதல் மந்திரியாகவும் ஆகிவிட்டார். நமக்கு அவ்வளவு லட்சியம் கிடையாது. பங்குனி உத்திரத்துக்குள் திருநெல்வேலிப் பக்கத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

கரண்ட் கணக்கு இன்னும் மோசம். 12 வோல்ட், 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் மொத்தமே இரண்டரை யூனிட்தான். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் சாப்பிடும். 'ராத்திரி முழுக்க ஏ.சி. போட்டுத் தூங்கலாம்' என்று சொல்லும் புண்ணியவானிடம் பிளக்கை எங்கே சொருகுவது என்று கேளுங்கள். கூரையில் 400 வாட் சோலார் போட்டால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் போலக் கிடைக்கும். கரண்ட் குறைவாகக் குடிக்கும் புது ரக ஃபேன், ஜன்னலுக்குக் கொசுவலை. இரண்டும் இருந்தால் தூக்கம் வரும். கேரளாக்காரர்கள் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை என்று அறிவித்து, வாகமண் மலையில் இதற்கென்றே பார்க் திறந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் நிறுத்தினால் கரண்ட், தண்ணீர்க் குழாய், சாக்கடை இணைப்பு எல்லாம் உண்டு. மற்ற இடங்களில் நாமே லாட்ஜ்காரரையோ கல்யாண மண்டபத்துக்காரரையோ தாஜா செய்ய வேண்டியதுதான்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் சிரிப்பு வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ஸ்டேஷன் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று எரிந்தது. லக்னோவிலிருந்து புனித யாத்திரை வந்தவர்கள். உள்ளே தடையை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டர். ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதுவும் ஒரு விதத்தில் ஓடும் வீடுதான். காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டியில் அடிமட்டத்தில் வெளிப்பக்கமாக ஓட்டை இருக்க வேண்டும். ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். தூங்கும்போது கதவை உள்ளே பூட்டினால் சாவி எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் தொங்க வேண்டும். இன்னொன்று, வண்டிக்குள் மிளகாய் வற்றல் தாளிக்காதீர்கள். செங்கல்பட்டு தாண்டி ஒரு ரசத்துக்காக நாலு பேரும் இருமிக்கொண்டே ரோட்டில் குதித்தோம். அந்தக் காலத்து யாத்திரைக்காரர்கள் புளிக்காய்ச்சலையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் சும்மாவா கட்டிக்கொண்டு போனார்கள்?

பாத்திரம் எவர்சில்வரே எடுங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு துண்டுத் துணி வையுங்கள். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்கள் அறிவிப்பு இல்லாமல் வரும் விருந்தாளிகள். ஒரு கிராமத்து மேட்டில் ஏறி இறங்கியபோது அலமாரி திறந்து ஏழு டம்ளரும் ஒரு ஜாங்கிரி டப்பாவும் என் தலையில் அபிஷேகம். வண்டியின் உயரத்தை டிரைவர் எதிரே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சப்வே, வேப்பங்கிளை, கோயில் திருவிழா ஆர்ச், தாழத் தொங்கும் கேபிள் டி.வி. ஒயர். இதில் ஒயர்தான் எமன். எந்த மேப்பிலும் அது கிடையாது.

இப்போது அத்தை விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமியாருக்கு எழுபத்து நாலு வயசு, சர்க்கரை உண்டு. எட்டு வருஷமாக ஊர்ப்பக்கம் போகவில்லை. 'பஸ்ஸு தூக்கிப் போடுது' என்றுதான் வெளியில் சொல்வார். உண்மைக் காரணம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பயணம் என்றால் விடியற்காலை ஐந்து மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். காபியும் கிடையாது. 600 கிலோமீட்டருக்கு மேல்! கடைசியாகப் போனபோது பைபாஸ் ஓட்டல் ஒன்றில் கழிப்பறை வாசல் வரை போய், உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பஸ்ஸில் ஏறும்போது மயங்கி விழுந்துவிட்டார். அன்றோடு சாஸ்தாவுக்கு மணியார்டர்தான். என் மனைவியும் அப்படித்தான் என்பது இருபத்தைந்து வருஷக் குடித்தனத்துக்கு அப்புறம் இந்த வண்டியில்தான் அவள் வாயால் வெளியே வந்தது. ஆம்பிளைகள் பாடு, ஒரு புளியமரம் கிடைத்தால் தீர்ந்தது.

மச்சினன் வண்டி கட்டியதே அந்த மூன்றடிக் கதவுக்காகத்தான். உள்ளே ஒரு கேசட் டாய்லெட். அடியில் சூட்கேஸ் மாதிரி 20 லிட்டர் தொட்டி, வெளிப்பக்கமாக உருவி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவலாம். பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு எவர்சில்வர் கம்பி.

மேல்மருவத்தூர் வரை அத்தை வாயைத் திறக்கவில்லை. திண்டிவனம் நெருங்கும்போது மெதுவாக, "ஏலே, ஒரு தம்ளர் தண்ணி குடு" என்றார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். மச்சினன் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனால் கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது.

சாஸ்தா கோயில் குளத்தங்கரையில் போய் நின்றபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. கேரவன் வாழ்க்கையை நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்கு முன்னாலேயே லாரியிலும் டிராக்டரிலும் லோடு ஆட்டோவிலும் குடும்பம் குடும்பமாக வந்து, தார்ப்பாய் கட்டி, கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாட்டன்மார் கூண்டு வண்டியில் வந்து இதையேதான் செய்தார்கள். அடுப்பு, படுக்கை, சாமான். சர்க்கார் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது, எதை விட்டார்களோ அது உள்பட. நூற்றுக்கணக்கான ஜனம், ஒரு மறைவிடம் கிடையாது.

சாயங்காலம் அத்தை ஒரு நிறைமாசப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்து வண்டிக்குள் அனுப்பினார். அப்புறம் அவள் மாமியார். அப்புறம் ஒரு டீச்சர், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். மச்சினன் பதறினான். "அம்மா, இருபது லிட்டர்தாம்மா பிடிக்கும்!"

"நிறைஞ்சா நீ கொண்டு போய்க் கொட்டுலே. பெறகு எதுக்கு உன்னப் பெத்தேன்?"

ராத்திரி எட்டு மணிக்குள் பதினோரு பேர். நிறைந்தது. இங்கே ஒரு முக்கியமான யோசனை: அதைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுகிறவனுக்கு வண்டி வைத்துக்கொள்ளும் யோக்யதை கிடையாது. கழிப்பறைக் கோப்பையில்தான் கொட்ட வேண்டும். மறுநாள் காலை திருநெல்வேலி போய் ஒரு லாட்ஜில் அரை நாள் ரூம் போட்டோம். நாலு பேரும் குளித்தோம், பேட்டரிக்குச் சார்ஜ், தொட்டிக்குத் தண்ணீர், இந்தக் காரியமும் முடிந்தது. மூன்று நாளைக்கு ஒரு தரம் இப்படி ரூம் போட்டுவிட்டால் கேரவன் வாழ்க்கை சொர்க்கம். மச்சினன் அந்த நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது மேனேஜர், "லக்கேஜைப் பையன் எடுத்துட்டு வருவான் சார், குடுங்க" என்று எவ்வளவோ வற்புறுத்தினார்.

திரும்பி வந்து அபார்ட்மெண்டில் நிறுத்தினால் அசோசியேஷன் செக்ரெட்டரி நோட்டீஸோடு காத்திருந்தார். விருந்தாளி வண்டிக்கு ஒரு நாள்தான் அனுமதியாம். 'இது வண்டியா, வீடா? வீடு என்றால் சதுர அடிக்கு மெயின்டனன்ஸ் உண்டு' என்றார். மச்சினன் அன்று ராத்திரியே கிளம்பிவிட்டான். அத்தை எங்களோடு தங்கிவிட்டார்.

ஐப்பசியில் வானம் கறுத்தது. எங்கள் பக்கத்தில் வானம் கறுத்தால் ஜனங்கள் வயிறும் சேர்ந்து கலங்கும். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் யாருக்கும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை கேட்டதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் ஏற்றினார்களே! காரை ஏற்றலாம். முப்பது வருஷ லோன் போட்ட தரைத்தள ஃபிளாட்டை எந்தப் பாலத்தில் ஏற்றுவது?

செக்ரெட்டரி தரைத்தளம். படுத்த படுக்கையாக இல்லாவிட்டாலும் தாங்கித்தான் நடக்கவைக்க வேண்டிய அம்மா அவருக்கு உண்டு. 2023-ல் இடுப்பளவு தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனதை நானே பார்த்தேன். அன்று சாயங்காலம் வந்து காலிங் பெல் அடித்தார். கையில் நோட்டீஸ் இல்லை.

"உங்க மச்சினன் வண்டி மழைக்கு முன்னால இந்தப் பக்கம் வருமா சார்? அம்மாவை மட்டுமாவது..."

உள்ளே திரும்பி அத்தையைப் பார்த்தேன்.

"வரட்டும், அதுக்கென்ன" என்றார் அத்தை. "ஆனா ஆளுக்குப் பத்து லிட்டர்தான்னு மொதல்லயே சொல்லிருங்க மாப்பிள்ளை."