கொடிக்கயிற்றை யார் பிடிப்பது?

(மூன்றாமாண்டு, அமைப்பியல் துறை)



போன வருஷம் நம்ம பேரவை நடத்திய பொது அறிவுப் போட்டியில் எனக்கு வந்த கேள்வி இது: "நாட்டுச் சின்னத்தில் கோடரியும் மண்வெட்டியும் இருக்கிற மேற்கு ஆப்பிரிக்கச் சிறு நாடு எது?" மேடையில் திருதிருவென முழித்தேன். கீழே இருந்து நம்ம பசங்க விட்ட விசில் இன்னும் காதில் கேட்கிறது. பதில், காம்பியா.

தோற்ற கோபத்தில் நூலகத்துக்குப் போய் அந்த நாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு ஆறு, அதன் இரண்டு கரை, அவ்வளவுதான் நாடு! மூன்று பக்கமும் செனகல், ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல். நம் கடலூர் மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். 1965 பிப்ரவரி 18-இல் வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை பெற்றது. 1970-இல் குடியரசு ஆனது. கொடியில் சிவப்பு சூரியனுக்கு, நடுவில் நீலம் ஆற்றுக்கு, பச்சை மண்ணுக்கு. அந்த ஊர் ஜனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் முக்கிய விளைச்சல் என்ன தெரியுமா? நம்ம விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் விளையுதே, அதே மல்லாட்டைதான்!

அவர்கள் சின்னத்தில் இரண்டு சிங்கம் நிற்கிறது. ஒன்றின் கையில் கோடரி, இன்னொன்றின் கையில் மண்வெட்டி. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது. அவர் தோளில் எப்போதும் கிடக்கிற மம்பட்டியை ஒரு நாடு தன் முத்திரையில் வைத்திருக்கிறதே என்று கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட அவர்கள் ஓட்டுப் போடுகிற விதம் என்னை அசத்திவிட்டது. ஓட்டுச்சீட்டு கிடையாது. கோலிக்குண்டு! எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போடவேண்டும் என்று 1960-களில் கொண்டுவந்த முறை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு இரும்பு டிரம், அதன்மேல் கட்சி வர்ணம், வேட்பாளர் படம். உள்ளே போய் வேண்டியவர் டிரம்மில் குண்டைப் போட்டால் மணி அடிக்கும். இரண்டு தரம் மணி கேட்டால் ஆள் திருட்டு ஓட்டுப் போட்டான் என்று அர்த்தம். சைக்கிள் மணிச் சத்தம் குழப்பிவிடும் என்று ஓட்டுச்சாவடிப் பக்கம் சைக்கிளே விடமாட்டார்களாம். 2021 தேர்தலிலும் இப்படித்தான் நடந்தது.

சிரிக்காதீர்கள் நண்பர்களே! 1952-இல் நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் நாமும் அப்படித்தான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டிமேல் ஒட்டிய சின்னம். என் ஆயா கைநாட்டு. கட்சியின் கொள்கை என்ன, வேட்பாளர் பேர் என்ன என்று கேட்டால் தெரியாது. சின்னத்தைச் சொன்னால் போதும், "அதுக்குத்தாண்டா குத்துனேன்" என்பார். தமிழில் நாட்டு முத்திரைக்கும் சின்னம் என்றுதான் பேர், ஓட்டுப் பெட்டியில் இருந்ததற்கும் சின்னம் என்றுதான் பேர். இது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. படிக்காதவனுக்கும் புரியவேண்டும் என்றுதானே இரண்டையும் வைத்தார்கள்?

ஆனால் முத்திரையில் மண்வெட்டி இருந்தால் மட்டும் மண்வெட்டிக்காரனுக்கு மரியாதை வந்துவிடுமா? அதே காம்பியாவில் 1994-இல் ராணுவப் புரட்சி செய்து வந்த யாஹ்யா ஜாம்மே இருபத்திரண்டு வருஷம் ஆட்டிப் படைத்தார். 2016 டிசம்பரில் கோலிக்குண்டுதான் அவரைத் தோற்கடித்தது. அப்புறமும் நாற்காலியை விடமாட்டேன் என்று அடம் பிடித்து, பக்கத்து நாட்டுப் படைகள் எல்லைக்குள் வந்தபிறகு, 2017 ஜனவரியில்தான் நாட்டைவிட்டுப் போனார். அத்தனை வருஷமும் கோடரியும் மண்வெட்டியும் அந்தச் சின்னத்தில் இருந்துகொண்டுதான் இருந்தன.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். சிதம்பரத்தில் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்றால் நடராஜர் கோயில் கிழக்குக் கோபுரத்து உச்சியில் மூவர்ணக்கொடி பறக்கும். வெள்ளித் தட்டில் வைத்து, பூஜை செய்து, மேளத்தோடு கொண்டுபோய்த் தீட்சிதர்கள் ஏற்றுவார்கள். முதலாமாண்டு சேர்ந்த புதிதில் கீழவீதியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பெருமையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. அப்போதே ஒரு கேள்வியும் வந்தது. கொடி எல்லாருக்கும் பொது. கயிறு யாருக்கு?

இது சின்னக் கேள்வி இல்லை. சுதந்திர தினத்தன்று கோட்டையில் கொடியேற்றும் உரிமையே முதலமைச்சருக்கு இல்லாமல் இருந்தது. ஆளுநர்தான் ஏற்றுவார். ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர் ஏற்றவேண்டாமா என்று கலைஞர் கருணாநிதி கேட்டு வாங்கினார். 1974 ஆகஸ்ட் 15 முதல்தான் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். கோட்டைக்கே அந்தக் கதி என்றால் கிராமத்துக்கு?

நம் மாவட்டத்திலேயே, புவனகிரி ஒன்றியத்துத் தெற்குத்திட்டை. 2020-இல் அந்த ஊராட்சிமன்றத் தலைவி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த புகைப்படத்தை நாடே பார்த்தது. அவர் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண். தன்னைக் கொடியேற்றவும் விடவில்லை என்று அவர் சொன்னார். வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் கைதானார். அதே வருஷம் ஆகஸ்ட் 15-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்திலும் தலைவிக்கு இதே கதி. விஷயம் வெளியே வந்து, ஐந்து நாள் கழித்துக் கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார். ஒரு கயிற்றை இழுக்க எஸ்.பி. காவல்! 2022-இல் தலைமைச் செயலாளரே எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதவேண்டி வந்தது, இந்தத் தலைவர்களைத் தடையில்லாமல் கொடியேற்ற விடுங்கள் என்று. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து எழுதிய கடிதம்!

சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. நீளம் மூன்று, உயரம் இரண்டு, சக்கரத்தில் ஆரம் 24 என்று மினி டிராப்டர் வைத்து நானே துல்லியமாக வரைந்து தருவேன். ஏற்றுகிறவன் என்ன சாதி, என்ன உத்தியோகம் என்று அதில் எங்கேயும் அளவு போட்டிருக்கவில்லை.

என் கதை ஒன்றே ஒன்று. நான் ஊரில் ஐந்தாவது படிக்கையில், ஆகஸ்ட் 14 சாயங்காலம் எங்கப்பாதான் பள்ளிக்கூடத்தில் கொடிமரத்துக்குக் குழி வெட்டினார். சவுக்குக் கழியைச் சீவி, நட்டு, கல் போட்டுக் கிட்டித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர் ஏற்றினார், கை தட்டினோம், ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் அப்பா வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்கிறார். "ஏம்ப்பா உள்ள வரல?" என்று கேட்டேன். "நமக்கு என்னடா அங்க வேலை?" என்றார். குழி வெட்டியது யாராம்? அன்றைக்கு எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. சிவில் படிக்கிற எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அஸ்திவாரம் போட்டவனை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்துகிற விழாவுக்கு வணக்கம் வைக்கும்போது கை கொஞ்சம் கூசுகிறது.

அதனால் நம் பேரவைக்கு ஒரு கோரிக்கை. வருகிற ஜனவரி 26-இல் சிறப்பு விருந்தினரைத் தேடி அலையவேண்டாம். காலை ஐந்து மணிக்கு வந்து நம் ஒர்க்ஷாப்பையும் கக்கூசையும் கழுவிவிட்டு, நாம் வருவதற்குள் போய்விடுகிற அந்த அக்காவைக் கூப்பிடுவோம். மூன்று வருஷமாக அவர் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன மாசம்தான் தெரிந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். அவர் கயிற்றை இழுக்கட்டும். முதல்வர் ஐயா பக்கத்தில் நிற்கட்டும். நம்மைப் பெற்றவர்களையும் வரச் சொல்லுவோம், முன்வரிசையில் பெஞ்சு போட்டு.

பேரவைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "நல்ல யோசனைதான், பார்க்கலாம்ப்பா" என்றார். அப்பாவிடமும் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தை மாசமாச்சேடா, அன்னைக்கு அறுப்பு மிசின் வந்தா என்ன பண்றது?" என்றார்.