வகுப்பறையில் கைப்பேசி

கோவிட் பெருந்தொற்றைத் தடுக்க மலேசியாவில் விதிக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையினால் 2020இல் பள்ளிகள் மூடுண்டபோது, தகப்பனார் வேலை முடிந்து கைப்பேசியோடு திரும்பும்வரை வாசலில் காத்திருந்து, கீறல் விழுந்த அதன் சிறு திரையைச் சூழ்ந்து பிள்ளைகள் தலையோடு தலை முட்டிப் பாடம் பார்த்த காட்சியை நிபோங் திபால் தோட்டப்புறத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தம் சொந்தக் கைப்பேசியிலேயே பாடங்களைப் பதிவுசெய்து அனுப்பிய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், அச்சாதனத்தை வகுப்பறையிலும் பிரயோகிக்க விழைவது முற்றிலும் நியாயமே. மகாராஷ்டிரக் கிராமத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே, பாடநூலில் கியூஆர் குறியீடுகளை இணைத்த முயற்சிக்காகவும் அவ்வாண்டின் உலக ஆசிரியர் பரிசைப் பெற்றாரன்றோ! மாணவர் கைப்பேசி கொண்டுவரலாகாதென்ற விதியை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆயினும், ஆசிரியரின் மேற்பார்வையில் பயன்படத்தக்க டேப்லெட்டுகளைப் பள்ளிதோறும் வாங்கிவைக்கவும், பழுதானவற்றைத் தாமதமின்றிச் செப்பனிடவும் கல்வி அமைச்சும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் உடனே ஏற்பாடு செய்ய வேண்டுமென வற்புறுத்துகிறோம்.